மாத்திரையை நிறுத்திவிட்டு வந்த ஆசிரியை: உயர் இரத்த அழுத்தத்துக்கு ஆயுர்வேத சிகிச்சை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரத்தக் கொதிப்புக்கு நான்கு ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவந்த 52 வயதுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், அதைத் தாமாகவே நிறுத்தி மூன்று வாரங்கள் ஆன நிலையில், இனி ஆயுர்வேத மருந்து மட்டுமே போதும் என்ற முடிவோடு எங்கள் சிகிச்சையகத்துக்கு வந்தார். அவருடைய தந்தை அறுபது வயதுக்குள் பக்கவாதத்தால் படுத்தவர். ஆசிரியைக்கு மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை நோய் இல்லை. சிறுநீரக நோயோ இதய நோயோ இருந்ததாகப் பழைய பதிவுகளில் எதுவும் இல்லை.

முதல் மூன்றரை ஆண்டுகளுக்கு அம்லோடிபின் 5 மி.கி. ஒருவேளை மட்டும் போதுமானதாக இருந்திருக்கிறது. அவர் வைத்திருந்த குறிப்பேட்டில் அந்தக் காலத்து அளவுகள் பெரும்பாலும் 130/84 அருகிலேயே இருந்தன. கடந்த ஆறு மாதங்களில்தான் அழுத்தம் காரணம் தெரியாமல் ஏறத் தொடங்கியது. அவரைப் பார்த்துவந்த மருத்துவர் மருந்தை 10 மி.கி. ஆக உயர்த்தினார். அதற்குப் பிறகு கணுக்காலில் வீக்கம் வந்தது, செருப்பு இறுக்கியது, மாலையில் காலைத் தொட்டால் குழி விழுந்தது. அழுத்தமோ எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. "மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவர் முடிவு செய்ததற்கு இந்த வீக்கமே காரணம். அம்லோடிபின் அளவு கூடும்போது கணுக்கால் வீங்குவது நன்கு அறியப்பட்ட விளைவு என்பதால், அவருடைய ஊகம் தவறென்று ஒதுக்கிவிடக்கூடியதும் அன்று.

இரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒரே மாதத்தில் நிரந்தரமாக விட்டுவிடலாம் என்று உறுதி கூறும் ஒரு துண்டறிக்கையும் அவர் கையில் இருந்தது. உயர் இரத்த அழுத்தத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இந்தியாவில் தடை செய்துள்ளது. அதன் அட்டவணையில் இந்நோயின் பெயர் வெளிப்படையாகவே உள்ளது. ஆயினும் இத்தகைய அறிக்கைகள் நோயாளிகளின் கைகளுக்கு வந்து சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன.

முதல் நாள் அளவீடு

ஐந்து நிமிடம் முதுகு சாய்ந்து, கால் மடிக்காமல், பேசாமல் அமர வைத்த பின்னரே அழுத்தம் எடுக்கப்பட்டது. வழக்கமான கைப்பட்டையில் 184/106 காட்டியது. அவருடைய மேற்கையின் சுற்றளவு 34 செ.மீ.; வழக்கமான பட்டை 32 செ.மீ. வரையிலான கைக்கே பொருந்தும் என்பதால், பெரிய பட்டையை மாற்றி ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்தபோது சராசரி 172/100 ஆக இருந்தது. சிறிய பட்டை அழுத்தத்தை மிகைப்படுத்திக் காட்டும் என்பது எல்லாரும் அறிந்ததே என்றாலும், அவர் வீட்டில் வைத்திருந்த கருவியிலும் சிறிய பட்டையே இருந்தது என்பதையும், வீட்டு அளவுகளைப் பார்த்து அவர் பலமுறை பதறியிருக்கிறார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். இரு கைகளுக்கும் இடையே கருதத்தக்க வேறுபாடு இல்லை. எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்தும் அழுத்தம் சரியவில்லை. நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 84.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவை உண்டா என்று தனித்தனியே கேட்கப்பட்டது, எதுவும் இல்லை. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும், அல்லது அழுத்தம் 180/120 அளவைத் தாண்டி உடல்நிலை மாறியிருந்தாலும், ஆயுர்வேதம் குறித்த பேச்சுக்கே அன்று இடமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியிருப்போம்.

அவர் கூறிய தொல்லைகள் வேறு: பின்தலையில் பாரம், நான்கு அல்லது ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத தூக்கம், மலச்சிக்கல், சாப்பிட்ட பின் வயிற்று உப்புசம், முழங்கால் வலி, இரவில் கெண்டைக்காலில் சுளுக்கு, மாடிப்படி ஏறும்போது தொடைகளில் ஒரு வலுவின்மை. கடைசி இரண்டையும் வயதின் கணக்கில் எழுதியிருந்தார்.

உணவையும் மருந்தையும் பற்றிய விசாரணை

ஆயுர்வேதத்தில் நோயாளியை விசாரிப்பது நீண்ட வேலை. பசி, செரிமானம், மலம், தூக்கம், மனநிலை, உண்ணும் நேரம், உணவின் சுவை, அதனோடு சேர்த்துக்கொள்ளும் பொடிகள், குடிக்கும் கஷாயங்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் போவது வழக்கம். இந்த நிகழ்வில் சிகிச்சையின் திசையை மாற்றியது எந்தப் பரிசோதனைக் கருவியும் அன்று, இந்த விசாரணைதான்.

"வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்ற கேள்விக்கு "ஒன்றும் இல்லை" என்பதே அவருடைய முதல் விடை. வீட்டில் பொடியாகவோ இலேகியமாகவோ இருப்பவற்றை யாரும் மருந்தென்று கருதுவதில்லை. ஆகவே அடுத்த முறை வரும்போது சமையலறையிலும் அலமாரியிலும் உள்ள புட்டிகள், பொட்டலங்கள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரும்படி கேட்டுக்கொண்டோம். மறுநாளே எடுத்து வந்தார். அதில் மூன்று பொருள்கள் கவனத்துக்கு உரியவை.

முதலாவது, அதிமதுரப் பொடி. வகுப்பில் நாள் முழுதும் பேசித் தொண்டை கம்மியதால், கல்வியாண்டின் தொடக்கத்தில், அதாவது எட்டு மாதங்களுக்கு முன், ஒரு உறவினர் சொன்னபடி தொடங்கியிருக்கிறார். ஒரு தேக்கரண்டி, காலையும் மாலையும், தேனில். ஏறத்தாழ நாளொன்றுக்கு 6 கிராம். இது போதாதென்று இடைவேளைகளில் அதிமதுரக் குச்சியையும் வாயில் அடக்கிக்கொள்வதுண்டு.

இரண்டாவது, லவண பாஸ்கர சூரணம். வயிற்று உப்புசத்துக்காக இருவேளையும் உணவுக்குப் பின் ஒரு தேக்கரண்டி. சார்ங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் பாகப்படி இதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பலவகை உப்புகளே. அவர் எடுத்த அளவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.5 கிராம் உப்பு இந்தச் சூரணத்தின் வழியாகவே சென்றிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு கொள்ளச் சொல்கிறது; அதில் பாதியை உணவில் கைவைப்பதற்கு முன்பே அவர் எடுத்துவிடுகிறார். "நான் உப்பைக் குறைத்துவிட்டேன்" என்று அவர் கூறியது உண்மையே. ஊறுகாயையும் அப்பளத்தையும் விட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மூன்றாவது, முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரை. வாரத்தில் நான்கைந்து நாள் எடுப்பதாகச் சொன்னார். இவ்வகை வலி நிவாரணிகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை உயர்த்தக்கூடியவை.

ஆய்வக முடிவுகள்

அன்றே இரத்தமும் சிறுநீரும் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, சிறுநீரில் புரதம் இல்லை, இரத்தச் சர்க்கரையும் தைராய்டு அளவும் இயல்பாக இருந்தன. சீரம் பொட்டாசியம் மட்டும் 3.1. இயல்பளவு 3.5 முதல் 5.0 வரை. சிறுநீர் பெருக்கி மாத்திரை எதுவும் எடுக்காத, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இல்லாத ஒருவருக்கு, உயர்ந்த அழுத்தத்தோடு பொட்டாசியமும் குறைந்திருப்பது தற்செயலாகக் கொள்ளத்தக்கதன்று. ஒன்று, அட்ரினல் சுரப்பி, உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்க வேண்டும். அல்லது அதைப் போலவே செயல்படும் ஒரு பொருள் வெளியிலிருந்து உடலுக்குள் வர வேண்டும்.

அதிமதுரம் அப்படிப்பட்ட பொருள். அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் கிளிசிரெட்டினிக் அமிலமாக மாறி, சிறுநீரகத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றும் நொதியைத் தடுக்கிறது. மாற்றப்படாமல் எஞ்சும் கார்ட்டிசால், ஆல்டோஸ்டிரோனுக்குரிய ஏற்பிகளில் அமர்ந்துகொண்டு அதன் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உப்பும் நீரும் உடலில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது, அழுத்தம் ஏறுகிறது, தசைகள் வலுவிழந்து சுளுக்கிக்கொள்கின்றன. கிளிசிரைசின் நாளொன்றுக்கு 100 மி.கி. அளவைத் தாண்டலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு வரையறுத்துள்ளது. வேரில் 3 சதவீதம் என்று குறைத்தே வைத்துக் கணக்கிட்டாலும் 6 கிராம் பொடியில் 180 மி.கி. ஆகிறது, வாயில் அடக்கிய குச்சிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

காலவரிசையும் பொருந்தியது. அதிமதுரம் தொடங்கி இரண்டு மாதங்களில் அழுத்தம் ஏறத் தொடங்கியிருக்கிறது. அம்லோடிபினின் மேல் சுமத்தப்பட்ட கணுக்கால் வீக்கத்திலும் அதிமதுரத்தால் தங்கிய நீருக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

ஆயுர்வேத நோக்கில் கணிப்பு

உயர் இரத்த அழுத்தம் என்ற பெயரில் ஒரு தனி நோய் ஆயுர்வேத மூல நூல்களான சரக சம்ஹிதையிலோ சுஸ்ருத சம்ஹிதையிலோ கூறப்படவில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவி இல்லாத காலத்தில், பெரும்பாலும் அறிகுறியே காட்டாத இந்நிலை தனி நோயாக அறியப்பட்டிருக்க வழியும் இல்லை. இக்கால வைத்தியர்கள் இதை வியான வாதத்தின் கோளாறாகவும், இரத்தத்தில் வாதம் சென்று தங்கிய நிலையாகவும், பித்த கபங்கள் வாதத்தின் வழியை மறைத்த நிலையாகவும் பலவாறு விளக்குகின்றனர். இதயத்திலிருந்து உணவின் சாரமான ரச தாதுவை உடல் முழுதும் தள்ளிக்கொண்டே இருப்பது வியான வாதத்தின் தொழில் என்று சரகர் சிகிச்சா ஸ்தானத்தில் கூறுவதே இவ்விளக்கங்களுக்கு அடிப்படை. இவற்றுள் எது சரி என்ற விவாதத்தைவிட, எதிரில் இருப்பவரிடம் எந்தத் தோஷம் எதனால் கெட்டது என்று காண்பதே சிகிச்சைக்கு உதவுகிறது என்பது என் கருத்து.

இந்த ஆசிரியை வாத பித்தப் பிரகிருதி (உடலியல்பு) உடையவர். நாவில் வெண்படிவு இருந்தது; பசி ஒருநாள் இருந்தது, மறுநாள் இல்லை; குடல் வறண்ட தன்மையது. தூக்கமின்மையும் ஓயாத கவலையும் வாதத்தைக் கூட்டியிருந்தன. செரியாத உணவின் எச்சமான ஆமம் சேர்ந்திருந்தது. உப்புச் சுவையின் மிகுதி பித்தத்தையும் இரத்தத்தையும் கெடுத்திருந்தது.

சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம், முதல் அத்தியாயத்திலேயே, மிகையாகப் பயன்படுத்தக் கூடாத மூன்று பொருள்களைச் சொல்கிறது: திப்பிலி, க்ஷாரம் (மூலிகைச் சாம்பலிலிருந்து எடுப்பது), உப்பு. அஜீரணத்துக்கென்று உப்புச் சூரணத்தை மாதக்கணக்கில் எடுப்பது ஆயுர்வேதம் அனுமதித்த செயல் அன்று என்பதை அவருக்கு விளக்க இந்த இடம் பெரிதும் உதவியது. அதிமதுரத்தின் நிலை சற்று வேறானது. சரகர் அதைத் தொண்டைக்கு நன்மை செய்யும் பத்து மூலிகைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார். ஆகவே தொண்டைக்கு அதைத் தேர்ந்த உறவினர் பிழையான மூலிகையைத் தேரவில்லை. அளவும் காலமும்தான் பிழை. இந்திய ஆயுர்வேத மருந்தியல் நூல் தரும் அளவு நாளொன்றுக்கு 2 முதல் 4 கிராம்; அதையும் ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு எட்டு மாதம் தொடர்ந்து தருவதை நியாயப்படுத்த இயலாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அம்லோடிபினை மீண்டும் தொடங்குவது. ஆசிரியை எதிர்பார்த்து வந்தது இதற்கு நேர்மாறானது என்பதால், அன்றைய உரையாடலில் பாதி நேரம் இதற்கே சென்றது. 172/100 அளவில் இருக்கும் ஒருவரை, தந்தைக்குப் பக்கவாதம் வந்த குடும்பத்தில் பிறந்தவரை, மூலிகை வேலை செய்யும் வரை காத்திருங்கள் என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. அவரைப் பார்த்துவந்த பொது மருத்துவரிடம் நான் தொலைபேசியில் பேசி, மூன்று பொருள்களையும் பொட்டாசிய அளவையும் தெரிவித்தேன். வீக்கம் வராதிருந்த பழைய அளவான 5 மி.கி. போதும் என்று அவர் தீர்மானித்தார். சிறுநீர் பெருக்கி வகை மாத்திரை பொட்டாசியத்தை மேலும் குறைக்கும் என்பதால் அதைத் தவிர்த்தார். பொட்டாசியத்துக்குச் சில நாள்கள் திரவ மருந்து எழுதினார். அதிமதுரத்தை நிறுத்தியும் பொட்டாசியம் சீராகாவிட்டால் ஆல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனைகள் செய்வது என்றும் முடிவாயிற்று.

இரண்டாவது முடிவு, அதிமதுரம், லவண பாஸ்கர சூரணம், டைக்ளோஃபெனாக் மூன்றையும் அன்றே நிறுத்துவது. நோய்க் காரணத்தை விலக்குவதே சுருக்கமாகச் சொன்னால் சிகிச்சை என்பது சுஸ்ருதர் வாக்கு. நிதான பரிவர்ஜனம் என்று இதைக் குறிப்பர். நடைமுறையில் நாம் இதை மருந்துச் சீட்டின் கடைசி வரியாக எழுதுகிறோம். இங்கே அதுவே முதல் வரியாக இருந்தது. விலக்கியவற்றின் இடத்தில் வேறொன்றைத் தராமல் விட்டால் நோயாளி மீண்டும் பழையதற்கே போவார் என்பதால், தொண்டைக்கு வெந்நீரில் உப்பிட்டு விழுங்காமல் கொப்பளிப்பதும், உப்புசத்துக்குச் சீரக வெந்நீரும், முழங்காலுக்குக் கொட்டம்சுக்காதி தைலத்தை வெளிப்பூச்சாகத் தடவி ஒத்தடம் இடுவதும், தொடைத் தசைகளுக்கு எளிய பயிற்சியும் கூறப்பட்டன. நெஞ்செரிச்சலுக்கு நாங்கள் வழக்கமாகத் தரும் அவிபத்திகர சூரணத்தை இவருக்குத் தரவில்லை. அதிலும் விடலவணம் என்ற உப்பு ஒரு சரக்கு.

மூன்றாவது, உள்மருந்தை இரண்டோடு நிறுத்திக்கொள்வது. மலச்சிக்கலுக்கு இரவில் திரிபலா சூரணம். பசி சீரானபின், இரண்டாம் வாரத்திலிருந்து, மருதம்பட்டைப் பால் கஷாயம்; சரக்கு ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, நீர் முப்பத்திரண்டு பங்கு சேர்த்துப் பால் மட்டும் எஞ்சும்வரை காய்ச்சும் க்ஷீரபாக முறையில். ஐந்தாறு மருந்துகளை ஒரே நாளில் தொடங்கினால், எது உதவியது என்றும் தெரியாது, எது தொல்லை தந்தது என்றும் தெரியாது. உலோகம் சேர்ந்த ரச மருந்துகளை இந்நிகழ்வில் கருதவே இல்லை.

சர்ப்பகந்தாவைத் தராததற்குக் காரணம்

ஆசிரியை பெயர் சொல்லிக் கேட்ட மருந்து சர்ப்பகந்தா மாத்திரை. அவருடைய கேள்வி நியாயமானதே. ஆயுர்வேதத்தின் சரக்குகளில் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதில் இதைப் போல உறுதியாக நிறுவப்பட்டது வேறொன்று இல்லை. தமிழில் சிவன் அமல்பொடி என்று வழங்கும் இம்மூலிகையின் வேர் அழுத்தத்தைக் குறைப்பதையும் மனக் கொந்தளிப்பைத் தணிப்பதையும் 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். 1949இல் பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டபின் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன ஆய்வகத்தில் அதிலிருந்து ரெசர்ப்பின் என்ற வேதிப்பொருள் பிரிக்கப்பட்டது. சில ஆண்டுகள் அது அலோபதியிலும் முன்னணி மருந்தாக விளங்கியது.

அந்தப் பயன்பாட்டின்போதே அதன் மறுபக்கமும் வெளிப்பட்டது. நரம்பு முனைகளில் சேமிக்கப்பட்டிருக்கும் நாரட்ரினலின், செரோட்டோனின் போன்றவற்றை அது வற்றச் செய்கிறது. அழுத்தம் இறங்குவதும் அதனால்தான், சிலரிடம் மனச்சோர்வு வருவதும் அதனால்தான். மூக்கடைப்பு, நாடித் துடிப்புக் குறைதல், இரைப்பைப் புண் மோசமாதல் ஆகியவையும் உண்டு. ஆசிரியைக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், தாயார் மறைந்த பின், மனச்சோர்வு வந்து ஓராண்டு சிகிச்சை நடந்திருந்தது. நெஞ்செரிச்சலும் இருந்தது. இவ்விரண்டில் முதலாவது மட்டுமே போதும், அவருக்குச் சர்ப்பகந்தாவை மறுப்பதற்கு. மூலிகை என்பதால் தீங்கில்லை என்று நம்பி வந்த ஒருவருக்கு, மூலிகை வலிமையானது என்பதாலேயே அவருக்குத் தர இயலாது என்று விளக்க வேண்டியிருந்தது. அவர் ஏற்றுக்கொண்டார். மனச்சோர்வு பற்றிய இந்தத் தகவல் அவர் கொண்டுவந்த எந்த மருத்துவச் சீட்டிலும் இல்லை. தூக்கத்தைப் பற்றி விசாரிக்கையில் வெளிவந்தது.

முதல் எட்டு வாரங்கள்

பெரிய பட்டை வாங்கப்பட்டது. காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை எடுத்து எழுதிவைக்கும்படியும், வேறு நேரங்களில் கருவியைத் தொட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். வீட்டு அளவில் 135/85 என்பதே உயர்வின் எல்லை என்பதும், ஒரு தனி அளவைப் பார்க்காமல் ஒரு வாரச் சராசரியைப் பார்க்க வேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டன.

இரண்டாம் வார முடிவில் வீட்டுச் சராசரி 152/92, பொட்டாசியம் 3.6. இரவுச் சுளுக்கு அந்த வாரத்திலேயே நின்றது. நான்காம் வாரத்தில் 142/88. எடை ஒன்றரை கிலோ குறைந்திருந்தது. இதில் பெரும்பகுதி தங்கியிருந்த நீராகவே இருக்க வேண்டும். கணுக்கால் வீக்கம் இல்லை. அதிமதுரத்தின் விளைவு நிறுத்திய பின்னும் சில வாரங்கள் நீடிக்கக்கூடியது என்பதால், இந்த மெதுவான இறக்கம் எதிர்பார்த்ததே. பொட்டாசியத் திரவம் முதல் வாரத்தோடு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பின்னும் அளவு தானாகவே உயர்ந்து எட்டாம் வாரத்தில் 4.1 ஆனது. ஆகவே ஆல்டோஸ்டிரோன் பரிசோதனை இப்போதைக்குத் தேவையில்லை என்று பொது மருத்துவர் கருதினார்.

தூக்கம் மட்டும் நான்காம் வாரத்திலும் சீராகவில்லை. பள்ளி விடுமுறை வந்ததை வாய்ப்பாகக் கொண்டு, ஐந்தாம் வாரத்தில் ஏழு நாள்கள் க்ஷீரபலா தைலத்தை நெற்றியில் தாரையாக ஒழுகவிடும் சிரோதாரை செய்யப்பட்டது. ஒவ்வொரு நாளும் தாரைக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்கப்பட்டது. முடிந்தவுடன் அழுத்தம் 10 முதல் 14 வரை இறங்கியது. மாலைக்குள் பெரும்பாலும் திரும்பியது. ஆகவே சிரோதாரை அழுத்தத்தைக் குறைத்தது என்று அந்த எண்களைக் கொண்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் தூக்கம் ஆறு மணி நேரமாக நீண்டதும், விடியற்காலையில் நெஞ்சு படபடத்து எழுவது நின்றதும், அந்த வாரத்துக்குப் பின்னும் நிலைத்தன. இரவில் உள்ளங்காலில் எண்ணெய் தடவிக்கொள்வதையும் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதையும் அவர் தொடர்ந்தார்.

எட்டாம் வார வீட்டுச் சராசரி 132/82.

இடையில் ஒரு நிகழ்ச்சி. ஏழாம் வாரத்தில் தொண்டை மீண்டும் கம்ம, மருந்துக் கடையில் ஏலாதி வடகம் வாங்கியவர், வாயில் போடும் முன் எங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தார். உறையைப் படிக்கச் சொன்னோம். சரக்குப் பட்டியலில் யஷ்டிமது இருந்தது. அதிமதுரத்தின் வடமொழிப் பெயர். இருமல் மருந்துகள், தொண்டை மாத்திரைகள், அமிலத்தன்மைக்கான சூரணங்கள் பலவற்றில் இது மதுயஷ்டி, முலேட்டி என்ற பெயர்களிலும் இருக்கும். சில நாள்கள் ஒன்றிரண்டு வில்லைகளால் கேடு வந்துவிடாது என்றாலும், பொட்டாசியம் சீராகி வந்த நேரத்தில் அதைத் தவிர்க்கச் சொல்லி, சித்தோபலாதி சூரணம் ஐந்து நாள் தந்தோம்.

மாத்திரையைக் குறைத்துப் பார்த்தது

மூன்றாம் மாத இறுதியில் வீட்டுச் சராசரி 126/80 ஆனபோது, மாத்திரையை விட்டுவிடலாமா என்ற பழைய கேள்வியை ஆசிரியை மீண்டும் எழுப்பினார். பொது மருத்துவரோடு கலந்து, அதைக் கட்டுப்பாட்டோடு சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அனுமதி இல்லையென்று ஒரே சொல்லில் மறுத்திருந்தால் அவர் மறுபடியும் தாமே நிறுத்தியிருப்பார் என்று நாங்கள் இருவருமே நினைத்தோம். வீட்டுச் சராசரி 135/85 அளவைத் தாண்டினால் பழைய அளவுக்குத் திரும்புவது என்ற ஒப்பந்தத்தோடு அம்லோடிபின் 2.5 மி.கி. ஆகக் குறைக்கப்பட்டது. பத்தியமும் மருதம்பட்டையும் அப்படியே தொடர்ந்தன.

முதல் வாரம் 130/82. இரண்டாம் வாரம் 134/85. மூன்றாம் வாரம் 138/87. உணவிலோ தூக்கத்திலோ மாற்றம் எதுவும் காணப்படவில்லை. ஒப்பந்தப்படி 5 மி.கி. மீண்டும் தொடங்கப்பட்டது; இரண்டு வாரங்களில் சராசரி 128/80 ஆனது. தம் கையால் எழுதிய எண்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததால், இதில் வாதத்துக்கு இடமிருக்கவில்லை.

ஆறாம் மாதத்தில் மருதம்பட்டைக் கஷாயத்தை ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தோம். வீட்டுச் சராசரி 128/80, 127/79 என்றே இருந்தது. அதனால் அது மீண்டும் தொடங்கப்படவில்லை.

எதைக் கூறலாம், எதைக் கூற இயலாது

ஒரே நாளில் மூன்று பொருள்கள் நிறுத்தப்பட்டு ஒரு மாத்திரை தொடங்கப்பட்டதால், 172 என்ற எண் 132 ஆனதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை. பொட்டாசியத்தின் போக்கு மட்டும் அதிமதுரத்தைத் தெளிவாகச் சுட்டுகிறது. அம்லோடிபினோ உப்புக் குறைப்போ மட்டும் அதை இப்படிச் சீராக்கியிருக்காது. முன்பு 5 மி.கி. மாத்திரையில் அவருக்கு இருந்த அதே அளவுக்கு அழுத்தம் திரும்பியிருப்பதைப் பார்த்தால், அவருடைய அடிப்படை நோய் மாறவில்லை, அதன்மேல் ஏற்றிவைக்கப்பட்ட சுமை மட்டும் இறங்கியிருக்கிறது என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

மருதம்பட்டை அழுத்தத்துக்கு உதவியதாக இந்நிகழ்வைக் கொண்டு நான் சொல்ல மாட்டேன். அது பயனற்றது என்று சொல்லவும் ஒரு நோயாளியின் ஒரு மாத அளவு போதாது. இதயத்துக்கு வலுவூட்டும் மருந்தாக மரபில் அதற்குள்ள இடம் வேறு. இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தாக அதை முன்வைப்பது வேறு. இவ்விரண்டும் இன்று விற்பனை உறைகளில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

ஆயுர்வேதம் இங்கே செய்தது என்ன என்று கேட்டால், விசாரணையும் விலக்கலும் தூக்கமும் குடலும் என்று பதில் சொல்வேன். இது சிறிய பட்டியலாகத் தோன்றக்கூடும். ஆனால் 10 மி.கி. மாத்திரைக்கும் அடங்காமல் ஏறிக்கொண்டிருந்த அழுத்தத்துக்கு அடுத்ததாக இரண்டாவது மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டிருக்கும். அது சிறுநீர் பெருக்கியாக இருந்திருந்தால் 3.1இல் இருந்த பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும் அளவுக்குச் சென்றிருக்கவும் கூடும்.

மாற்றிக்கொண்ட நடைமுறைகள்

இரத்தக் கொதிப்போடு வரும் ஒவ்வொருவரிடமும் முதல் சந்திப்புக்கு முன்பே, வீட்டில் உள்ள எல்லாப் பொடி, இலேகியம், அரிஷ்டம், மாத்திரை, தைலங்களையும் பையில் எடுத்துவரும்படி இப்போது தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறோம். "மருந்து" என்ற சொல்லைத் தவிர்த்து, "உணவைத் தவிர வாயில் போடுவது எல்லாம்" என்று கேட்கிறோம். நன்றாகக் கட்டுப்பட்டிருந்த அழுத்தம் காரணமின்றி ஏறியிருந்தால் பொட்டாசியம் பார்க்காமல் சிகிச்சை தொடங்குவதில்லை. எங்கள் மருந்தகத்தில் அதிமதுரமோ உப்புகளோ சேர்ந்த தயாரிப்புகள் அனைத்திலும் சிவப்பு அடையாளம் ஒட்டி, இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கு வைத்தியர் கையெழுத்தின்றித் தரக் கூடாது என்று வைத்திருக்கிறோம்.

இதே நிலையில் இன்னொருவர் வந்தால் சிகிச்சையில் ஒரு மாற்றம் செய்வேன். மருதம்பட்டையை இரண்டாம் வாரத்தில் தொடங்காமல், விலக்கலின் பலன் முழுதும் தெரியும் வரை, அதாவது எட்டாம் வாரம் வரை ஒத்திவைப்பேன். அப்போது அதன் பங்கு என்னவென்று சொல்வதற்கு ஓரளவாவது இடமிருக்கும்.

ஒன்பதாம் மாத நிலவரப்படி ஆசிரியை அம்லோடிபின் 5 மி.கி. ஒருவேளையும், தேவைப்படும் இரவுகளில் திரிபலாவும் எடுக்கிறார். வீட்டுச் சராசரி 126/78, பொட்டாசியம் 4.2. வலிக்கு டைக்ளோஃபெனாக் எடுக்கவில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்ப்பதென்றும், பொட்டாசியம் மீண்டும் 3.5க்குக் கீழே இறங்கினால் ஒத்திவைத்த ஆல்டோஸ்டிரோன் பரிசோதனையை உடனே செய்வதென்றும் இரு தரப்புப் பதிவேடுகளிலும் எழுதிவைக்கப்பட்டுள்ளது.